ஏழு சென்டிமீட்டர் கனத்துக்குள் ஒரு பல்சக்கரம்: எபாக்சி ரெசின் தேர்வில் நடந்த தவறும் திருத்தமும்

நீண்ட காலம் ஓடிய ஒரு கியர் பாக்ஸிலிருந்து கழற்றிய பல்சக்கரம் அது. விட்டம் 12 சென்டிமீட்டர், கனம் இரண்டரை. ஒரே ஒரு பல் மட்டும் அடியோடு உடைந்திருந்தது. அந்த இயந்திரத்தைப் பல வருடம் பார்த்துக்கொண்ட மூத்த ஃபிட்டர் ஒருவர், ஓய்வு பெறும் சமயத்தில் அதை என்னிடம் கொண்டுவந்து, கண்ணாடி மாதிரி ரெசின் கட்டிக்குள் வைத்துத் தரச் சொன்னார். "உடைஞ்ச பல்லு நல்லாத் தெரியணும் தம்பி, அதுதான் இதுல முக்கியம்" என்றார்.

முதல் முறை அதைக் கெடுத்தேன். இரண்டாவது முறை சரியாக வந்தது. இடையில் ஏழு வாரம் போனது. அந்த ஏழு வாரத்தில் படித்ததையும் அளந்ததையும் இங்கே முழுவதும் எழுதுகிறேன். கனமாக ரெசின் ஊற்றப் போகிற யாருக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

முதல் வார்ப்பு

மோல்டை, அதாவது வார்ப்பு அச்சை, 6 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகட்டில் செய்திருந்தேன். உள்ளளவு 22 செ.மீ. நீளம், 16 செ.மீ. அகலம், 7 செ.மீ. உயரம். உட்சுவர் முழுக்கப் பேக்கிங் டேப் ஒட்டியிருந்தேன்; எபாக்சி அதில் ஒட்டாது, கழற்றுவது சுலபம். சக்கரம் அடைக்கும் இடம் போக, ரெசினுக்குச் சுமார் இரண்டேகால் லிட்டர் தேவைப்பட்டது. எடையில் ஏறத்தாழ 2,450 கிராம்.

கையில் இருந்தது பூச்சுக்கும் சிறு வார்ப்புக்கும் என்று விற்கப்படும் ரெசின். ரெசினையும், அதை இறுகவைக்கும் ஹார்டனர் என்ற இரண்டாவது திரவத்தையும் கன அளவில் ஒன்றுக்கு ஒன்று கலக்க வேண்டும். கலந்த பிறகு ஊற்றக்கூடிய பதத்தில் இருக்கும் நேரம், அதாவது பாட் லைஃப், 40 நிமிடம். ஒரு முறைக்கு அதிகபட்சம் இரண்டரை சென்டிமீட்டர் என்று டப்பாவிலேயே இருந்தது. அதை நான் மீறவில்லை. மூன்று அடுக்காகப் பிரித்தேன்: இரண்டரை, இரண்டரை, இரண்டு. காலை ஒன்பது மணிக்கு முதல் அடுக்கு. அது இறுகிப் பிசுபிசுப்பாக நின்ற பிறகு, நண்பகலில் சக்கரத்தை அதன் மேல் வைத்து இரண்டாவது அடுக்கு. ஒன்றரை மணிக்கு மூன்றாவது. அன்றைக்கு அறையின் வெப்பம் 33 டிகிரி.

மூன்றாவது அடுக்கை ஊற்றிக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். மோல்டின் சுவரைத் தொட்டேன். விரலை வைக்க முடியவில்லை. சற்று நேரத்தில் கட்டியின் இரண்டு முனைகளிலும் மேற்பரப்பு பாலாடை போலச் சுருங்கி நெளிந்தது. மூக்கைக் குத்தும் வாடை வந்தது. அக்ரிலிக் சுவர் வெளிப்பக்கமாகப் புடைக்கத் தொடங்கியது. கதவைத் திறந்துவிட்டு மின்விசிறியை அதன் பக்கம் திருப்பினேன். கட்டி ஆறத் தொடங்கியபோது உள்ளேயிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். மாலைக்குள் அதே சத்தம் இன்னும் நான்கு முறை கேட்டது.

மறுநாள் பிரித்துப் பார்த்தேன். ஐந்து விரிசல். ஐந்தும் ஏதாவது ஒரு பல்லின் நுனியில் தொடங்கி, விசிறி விரித்தது போலக் கட்டியின் முனை நோக்கி ஓடியிருந்தன. உடைந்த பல்லுக்கு நேர் மேலே ஒரு விரிசல் வெள்ளித் தகடு மாதிரி பளபளத்து, அந்த இடத்தையே மறைத்துவிட்டது.

தடயம் எங்கே இருந்தது

முதலில் கலவை விகிதத்தைத்தான் சந்தேகப்பட்டேன். எபாக்சியில் ஏதாவது கெட்டால் பத்தில் எட்டுப் பேர் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அதே கலவையில் சிந்திய ஒரு துளி, மேசையில் இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் பரவி, நிறமே இல்லாமல் கல் மாதிரி இறுகியிருந்தது. நகத்தால் கீறினாலும் பதியவில்லை. விகிதம் தப்பாக இருந்தால் அந்தத் துளியும் பிசுபிசுத்திருக்கும். பழைய சரக்கு, ஈரம் என்ற மற்ற சந்தேகங்களுக்கும் அந்தத் துளியே பதில் சொல்லிவிட்டது.

அடுத்து கட்டியை நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்தேன். இரண்டு முனைகளும் தேன் நிறத்துக்கு மஞ்சளாகியிருந்தன. சக்கரத்தை ஒட்டிய ரெசின் மட்டும் ஓரளவு தெளிவாக இருந்தது. அந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் விஷயம் பிடிபட்டது. ஏறத்தாழ இரண்டு கிலோ எஃகு நடுவில் உட்கார்ந்து, தன்னைச் சுற்றியிருந்த சூட்டை உறிஞ்சியிருக்கிறது. எஃகு இல்லாத முனைகளில் சூடு போக இடமில்லாமல் வெந்திருக்கிறது. அக்ரிலிக் 100 டிகிரியை ஒட்டித்தான் இளகும். சுவரே புடைத்திருக்கிறது என்றால், உள்ளே அதற்கும் மேல் போயிருக்க வேண்டும்.

சரி, இரண்டரை சென்டிமீட்டர் வரம்பைக் கடைப்பிடித்தும் ஏன் இப்படி ஆனது? அதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும்.

சூட்டின் கணக்கு

எபாக்சி உலர்வதில்லை, வினைபுரிந்து இறுகுகிறது. ரெசினில் உள்ள எபாக்சைடு வளையம் ஒவ்வொன்றும் ஹார்டனரில் உள்ள அமீனோடு சேர்ந்து திறக்கிறது. திறக்கும்போது சூடு வெளிவருகிறது. ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ண வேதியியலில் பயன்படும் அலகு) எபாக்சைடுக்குச் சுமார் 100 கிலோஜூல். பரவலாகப் பயன்படும் பிஸ்ஃபினால் ஏ வகைத் திரவ ரெசினில் ஒரு மோல் எபாக்சைடு ஏறத்தாழ 190 கிராமில் இருக்கும். அதற்கு ஈடான பாலிஈத்தர் அமீன் ஹார்டனர் 60 கிராம் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 250 கிராமுக்கு 100 கிலோஜூல். ஒரு கிராமுக்கு 400 ஜூல் வருகிறது.

ஒரு கிராம் ரெசினை ஒரு டிகிரி சூடாக்க இரண்டு ஜூல் போதும். ஆக, சூடு வெளியே போகவே வழியில்லை என்றால் கலவை 200 டிகிரி ஏறும். அறை 33 டிகிரி என்றால் 233. வினையில் சேராத பென்சைல் ஆல்கஹால் போன்றவற்றைச் சில ரெசின்களில் கலந்திருப்பார்கள், அவற்றில் இது கொஞ்சம் குறையும். ஆனாலும் ரெசின் கருகிப் புகைவதற்குத் தேவையான சூடு ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் இருக்கிறது.

இதில் நான் அதுவரை தப்பாகப் புரிந்துவைத்திருந்த ஒன்று உண்டு. மெதுவாக இறுகும் ரெசின் என்றால் குறைந்த சூடு தரும் ரெசின் என்று நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால், வேகமான ட்ரைஎத்திலீன் டெட்ராமைன் ஹார்டனரிலும் மெதுவான பாலிஈத்தர் அமீனிலும் கிராமுக்கு வெளிவரும் சூடு பெரிதாக வேறுபடவில்லை. முன்னது 470 ஜூலை ஒட்டி, பின்னது 400. உண்மையான வித்தியாசம் அந்தச் சூட்டை எவ்வளவு நேரத்தில் கொட்டுகிறது என்பதில்தான் இருக்கிறது. முன்னது அரை மணியில் கொட்டிவிடும், பின்னது ஒரு நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக விடும்.

சூடு வெளியேறும் வேகத்தையும் பார்க்க வேண்டும். எபாக்சி சூட்டை மிக மோசமாகக் கடத்தும் பொருள். சூடு நடுவிலிருந்து பரப்புக்கு வர எடுக்கும் நேரம், தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டு பக்கமும் குளிர்ந்திருக்கும் 1 செ.மீ. தகடு என்றால் நடுவிலிருந்து சூடு வெளியேற நான்கு நிமிடம் போதும். இரண்டரை செ.மீ. என்றால் 26 நிமிடம். 5 செ.மீ. என்றால் ஒன்றே முக்கால் மணி நேரம். 7 செ.மீ. என்றால் மூன்று மணி நேரத்துக்கும் மேல். அடியில் மரப்பலகை, மேலே அசையாத காற்று என்றால் இதைவிட அதிகமாகும்.

இந்த இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 40 நிமிடத்தில் சூட்டைக் கொட்டும் ரெசின் 26 நிமிடத்தில் சூட்டை வெளியேற்றும் கனத்தில் எப்படியோ தப்பித்துவிடும். டப்பாவில் இருந்த வரம்பு அதுதான். ஆனால் நான் செய்தது வேறு. முதல் அடுக்கு தொட்டால் இறுகியிருந்தது, உள்ளே ஆறவில்லை. அதன் மேல் ஊற்றிய இரண்டாவது அடுக்குக்கு அடிப்பக்கம் சூடு போகும் வழி அடைபட்டுவிட்டது. மூன்றாவதை ஊற்றியபோது, இறுகும் கட்டத்தில் இருந்த இரண்டாவதன் மேல் ஒரு போர்வையைப் போர்த்தியது போல ஆகிவிட்டது. சூட்டைப் பொறுத்தவரை அது மூன்று மெல்லிய அடுக்கு கிடையாது. நாலரை மணி நேர இடைவெளிக்குள் ஊற்றிய ஒரே ஏழு சென்டிமீட்டர் கட்டி.

அதோடு அறையின் 33 டிகிரி. வெப்பம் 10 டிகிரி ஏறினால் இந்த வினை ஏறத்தாழ இருமடங்கு வேகமாகும். டப்பாவில் உள்ள பாட் லைஃப் பெரும்பாலும் 25 டிகிரியில் 100 கிராமுக்கு அளந்தது. நான் ஒவ்வொரு முறையும் கலந்தது அதைப் போல ஏறத்தாழ ஏழு முதல் பத்து மடங்கு.

விரிசலுக்கும் இதிலேயே பதில் கிடைத்தது. எபாக்சி இறுகும்போது மொத்தக் கன அளவில் சில சதவீதம் சுருங்கும். திரவமாக இருக்கும் வரை அந்தச் சுருக்கம் பிரச்சினை இல்லை, மேல்மட்டம் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். மூலக்கூறில் வினைபுரிய நான்கு இடம் உள்ள அமீன் ஹார்டனர் என்றால் வினை 58 சதவீதத்தை நெருங்கும்போது ஜெல் ஆகிவிடும், அதாவது ஓடாமல் கூழ் போல நின்றுவிடும். அதற்குப் பிறகு வரும் சுருக்கம் எல்லாம் உள்ளே இழுவிசையாகத் தங்கும். அதன் மேல் ஆறும்போது வரும் சுருக்கம். ரெசின் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 60 மைக்ரோமீட்டர் அளவில் சுருங்கும், எஃகு 12 தான். 120 டிகிரியில் இறுகிய ரெசின் 25-க்கு வரும்போது, எஃகைவிட அரை சதவீதத்தை ஒட்டி அதிகமாகச் சுருங்கப் பார்க்கிறது. எஃகு விட்டுக்கொடுக்காது. பல்லின் கூர்நுனியில் அந்த இழுவிசை முழுக்கக் குவிகிறது. ஐந்து விரிசலும் பல் நுனியிலேயே தொடங்கியதற்குக் காரணம் இதுதான். 45 டிகிரியிலேயே இறுகச் செய்திருந்தால் அந்த வித்தியாசம் 0.1 சதவீதத்தோடு நின்றிருக்கும்.

எந்த ரெசின்

எதை வாங்குவது என்று யோசித்தபோது மூன்று வழி இருந்தது.

நிரப்பி கலந்த வார்ப்பு ரெசின் ஒரு வழி. அலுமினியத் தூளோ சிலிக்கா மாவோ கலந்திருப்பார்கள். தூள் வினைபுரியாது, சூட்டை வாங்கிக்கொள்ளும், பரப்புக்குக் கடத்தும், சுருக்கத்தையும் குறைக்கும். கருவி அச்சுகளுக்கும் மோட்டார் பொதிவுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. தெளிவு தேவையில்லாத எந்த வேலைக்கும் முதலில் இதைத்தான் யோசிக்கச் சொல்வேன். எனக்கு உள்ளே இருப்பது தெரிய வேண்டும், அதனால் விட்டுவிட்டேன்.

அன்ஹைட்ரைடு ஹார்டனர் இன்னொரு வழி. மின்மாற்றிச் சுருள், உயர் மின்னழுத்த இன்சுலேட்டர் எல்லாம் அதில்தான் வார்க்கிறார்கள். அறை வெப்பத்தில் அசையாமல் கிடக்கும், அடுப்பில் வைத்து வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றினால்தான் இறுகும். அந்த அளவுக்கு அடுப்பு வசதி என்னிடம் இல்லை.

மிஞ்சியது டீப் போர் (கனமாக ஊற்றுவதற்கானது) என்று விற்கப்படும் மெதுவான, தெளிவான ரெசின். தயாரிப்பாளர்கள் தரும் தகவல் தாள்கள், அதாவது டேட்டா ஷீட், நான்கைந்தை வரிசையாக வைத்துப் படித்தேன். எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் இருப்பது கன வரம்பு: 5 செ.மீ., 7 செ.மீ., சிலவற்றில் 10. அந்த எண் தனியாக இருந்தால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எவ்வளவு கிலோவில், எந்த அறை வெப்பத்தில், எந்த அகலத்தில் சோதித்தார்கள் என்று சொன்னால்தான் அதற்கு அர்த்தம். 5 செ.மீ. கனத்தில் நீளமான குறுகிய வார்ப்பு பக்கவாட்டிலும் சூட்டை விடும். அதே கனத்தில் அகலமான வார்ப்பின் நடுப்பகுதிக்கு மேலும் கீழும்தான் வழி. ஒரே எண், இரண்டு வேறு விளைவு.

நான் தேடியது உச்ச வெப்பத்தைத்தான். ரெசின் இறுகும் நேரத்தையும் அது தொடும் உச்ச வெப்பத்தையும் அளக்க, ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் டி2471 என்று ஒரு சோதனை முறையே இருந்தது; 2008-இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். குறிப்பிட்ட எடைக்கு உச்ச வெப்பம் இவ்வளவு என்று வெளிப்படையாகப் போட்டிருக்கும் டேட்டா ஷீட்டை நம்பி வாங்கலாம். அடுத்துப் பார்த்தது பிசுக்குமை. மெதுவான ரெசின்கள் பெரும்பாலும் தண்ணீர் மாதிரி இளக்கமாக இருக்கும், குமிழி தானாகவே மேலே வந்துவிடும். பூச்சு ரெசின் தேன் பதத்தில் இருப்பதால் கனமான வார்ப்பில் குமிழியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்றாவது, வெப்பத்தில் வளையும் புள்ளி. அறை வெப்பத்தில் இறுகிய தெளிவான ரெசின்களில் பல 50 டிகிரியை ஒட்டியே இளக ஆரம்பிக்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் வைக்கப்போகும் நினைவுப் பொருளுக்கு அது போதும். சூடான பாத்திரம் வைக்கும் மேசை என்றால் போதாது.

கடைசியில் எடுத்தது கன அளவில் இரண்டுக்கு ஒன்று, எடையில் 100-க்கு 42 கலக்கும் ஒரு ரெசின். டேட்டா ஷீட் வரம்பு 5 செ.மீ. இந்த இரண்டு விகிதத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஹார்டனர் ரெசினைவிட லேசானது. தராசில் வைத்து இரண்டுக்கு ஒன்று என்று ஊற்றினால் 100-க்கு 50 ஆகிவிடும், கட்டி ரப்பர் மாதிரியே நிற்கும். நான் எப்போதும் எடை பார்த்துத்தான் கலக்கிறேன்.

சோதனை

நேரடியாகச் சக்கரத்தின் மேல் ஊற்றும் தைரியம் வரவில்லை. 10 × 10 செ.மீ. பிளாஸ்டிக் டப்பாக்களில் மூன்று சோதனை வார்ப்பு செய்தேன். ஒவ்வொன்றின் நடுவிலும் வெப்பத்தை அளக்க ஒரு தெர்மோகப்பிள் கம்பி. கம்பி ரெசினோடு போய்விடும், அதனால் மலிவானதைப் போட்டேன். அறை 30 டிகிரி.

பழைய பூச்சு ரெசினை இரண்டரை செ.மீ. ஊற்றினேன். அதன் வரம்புக்குள்தான். ஐம்பதாவது நிமிடத்தில் 92 டிகிரி. 275 கிராமுக்கே இப்படி. இறுகிய பிறகு பார்த்தால் தெளிவாகத்தான் இருந்தது, ஓரங்களில் மட்டும் டப்பாவிலிருந்து லேசாக விலகியிருந்தது. கண்ணுக்குக் குறை தெரியாத ஒரு வார்ப்பு உள்ளே 92 டிகிரியைத் தொட்டிருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

புதிய ரெசின் 5 செ.மீ. கனத்தில் பதினான்கு மணி நேரம் கழித்து 57 டிகிரியைத் தொட்டு இறங்கியது. நிறம் மாறவில்லை. அதே ரெசினை வேண்டுமென்றே வரம்பை மீறி 7 செ.மீ. ஊற்றினேன். பன்னிரண்டாவது மணி நேரத்தில் 81. விரிசல் இல்லை, ஆனால் மேற்பரப்பின் நடுவில் ஒரு குழி விழுந்தது, வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தால் மெல்லிய மஞ்சள் தெரிந்தது. உள்ளே எஃகும் கூர்முனைகளும் இருந்திருந்தால் அது தாங்கியிருக்காது என்று நினைக்கிறேன். ஒரே ஊற்று வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

இதே ரெசின் கையுறையிலிருந்து ஒரு தகட்டில் ஒழுகி, மெல்லிய பூச்சாகப் பரவியிருந்தது. நான்கு நாள் கழித்தும் அது ஒட்டிக்கொண்டே இருந்தது. கனத்தின் சூடு இருந்தால்தான் மெதுவான ரெசின் முழுக்க இறுகும். மெல்லிய பூச்சுக்கு டீப் போர் வாங்கி, விகிதம் தப்பிவிட்டது என்று வருந்துகிறவர்கள் பலர். அவர்கள் விகிதம் சரியாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டாவது வார்ப்பு

பழைய கட்டியை உடைத்துச் சக்கரத்தை எடுக்க இரண்டு நாள் ஆனது. சூடு காட்டினால் ரெசின் இளகும், அந்த இளக்கத்தில் உளியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தேன். உடைந்த பல்லின் முறிவுப் பரப்பில் உளி படாமல் காக்க வேண்டியிருந்தது. அந்த முறிவில் ஒரு பக்கம் வழவழப்பாகச் சங்கின் வளையங்கள் மாதிரி கோடுகள், மறு பக்கம் சொரசொரப்பு. பல நாள் மெதுவாகப் பிளந்துவந்து, கடைசியில் ஒரே நொடியில் முறிந்ததன் அடையாளம். அவர் ஏன் அந்தப் பல் தெரிய வேண்டும் என்றார் என்பது அதைக் கிட்டத்தில் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

எண்ணெய் போக அசிட்டோனில் துடைத்து, சக்கரம் முழுக்கத் தூரிகையால் மெல்லிசாக ரெசின் தடவினேன். இதற்கு மட்டும் வேகமான பூச்சு ரெசின்தான், மெல்லிய படலத்துக்கு அதுதான் சரி. பற்களின் இடுக்கில் ஒட்டியிருக்கும் காற்றை இந்தப் பூச்சு விரட்டிவிடும்.

ஏசி போட்டு அறையை 24 டிகிரிக்குக் கொண்டுவந்து, ரெசின், ஹார்டனர், சக்கரம் மூன்றையும் ஒரு நாள் அங்கேயே வைத்திருந்தேன். பத்து டிகிரிக்கு இரண்டு மடங்கு என்ற கணக்குப்படி, ஏறத்தாழ பாதி வேகம் இதிலேயே குறைந்துவிட்டது. மோல்டை மரப்பலகையிலிருந்து தூக்கி அலுமினியத் தகட்டின் மேல் வைத்தேன். அடிப்பக்கம் சூடு இறங்க அது ஒரு வழி.

முதல் அடுக்கு 22 மில்லிமீட்டர்: ரெசின் 600 கிராம், ஹார்டனர் 252 கிராம். ஐந்து நிமிடம் மெதுவாகக் கலக்கி, சுவரையும் அடியையும் வழித்து, வேறு பாத்திரத்துக்கு மாற்றி மறுபடி கலக்கினேன். முதல் பாத்திரத்தின் சுவரில் கலவாமல் ஒட்டியிருப்பது வார்ப்புக்குள் போகாமல் இருக்க இந்த மாற்றல் அவசியம். கடைசிச் சொட்டு வரை வழித்து ஊற்றுவதையும் விட்டுவிட்டேன்.

இந்த முறை அடுத்த ஊற்றுக்குக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, இரண்டு விஷயத்தைப் பார்த்தேன். கையுறை விரலை அழுத்தினால் ரேகை பதிய வேண்டும், ரெசின் விரலோடு வரக் கூடாது. தெர்மோகப்பிள் அறை வெப்பத்துக்கே இறங்கியிருக்க வேண்டும். முன்பு முதலாவதை மட்டும் பார்த்து இரண்டாவதை விட்டிருந்தேன். இரண்டும் ஒத்துவந்தது இருபத்தாறாவது மணி நேரத்தில். அந்தப் பதத்தில் ஊற்றினால் இரண்டு அடுக்கும் வேதியியலாகவே சேர்ந்துகொள்ளும். அதைத் தவறவிட்டு முழுக்க இறுகிவிட்டால், 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

சக்கரத்தை வைத்து, மீதி 48 மில்லிமீட்டரை ஊற்றினேன். சுமார் 1,600 கிராம். மோல்டை ஒரு பக்கம் சாய்த்து, தாழ்ந்த மூலையில் மெல்லிய ஒழுக்காக விட்டேன். ரெசின் சக்கரத்தின் அடியில் நுழைந்து காற்றை எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டே ஏறியது. அப்புறம் மட்டம் பார்த்து வைத்துவிட்டு, சின்ன மின்விசிறியைப் பக்கவாட்டில் ஓடவிட்டேன்.

இரண்டு தெர்மோகப்பிள். ஒன்று சக்கரத்தை ஒட்டி, மற்றது அறுத்தெடுக்கப்போகும் ஓரத்தில், எஃகு இல்லாத முனையில். பதினாறாவது மணி நேரத்தில் முனை 61 டிகிரி, சக்கரத்தின் பக்கம் 44. முதல் கட்டியில் தேன் நிறம் எங்கே இருந்ததோ அங்கேதான் இப்போதும் சூடு அதிகம். 61-ஐத் தாண்டவில்லை. அன்று இரவு நான் தூங்கவில்லை, 'டக்' என்ற சத்தமும் வரவில்லை.

ஐந்தாம் நாள் மோல்டைக் கழற்றினேன். 240-இல் தொடங்கி 2000 வரை தண்ணீர் விட்டுத் தேய்த்து மெருகேற்றியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, பொறுமைதான் வேண்டும். வெளிப்பரப்பு இறுகியிருந்தாலும் உள்ளே வினை இன்னும் மீதி இருக்கும். அதனால் தேய்க்கும்போது நைட்ரைல் கையுறையும் முகமூடியும் போட்டேன். அமீனால் ஒருமுறை தோல் ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுக்கத் தொடரும். இந்த வேலையையே விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

வாளியைப் பற்றி ஒரு வார்த்தை

பலர் மோல்டின் கனத்தை மில்லிமீட்டர் கணக்கில் யோசிப்பார்கள், கலக்கும் வாளியை மறந்துவிடுவார்கள். ஒரு கிலோ ரெசின் வாளியில் பன்னிரண்டு செ.மீ. உயரத்துக்கு நிற்கும்போது, அன்றைக்கு நீங்கள் செய்யும் வார்ப்புகளிலேயே கனமானது அதுதான். வேகமான ரெசினைக் கலந்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தால் போதும், பாட் லைஃப் என்று எழுதியிருப்பது பாதியாகிவிடும். கலந்தவுடன் ஊற்றிவிடுங்கள். மீதி இருந்தால் அகலமான உலோகத் தட்டில் மெல்லிசாகப் பரப்பிவிடுங்கள். வாளி சூடாகத் தொடங்கிவிட்டால் மூடி போடாதீர்கள், திறந்தவெளிக்குக் கொண்டுபோய் எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது.

மிஞ்சிய குறைகள்

இரண்டு உண்டு. சக்கரத்தின் நடுத்துளையில் இருக்கும் சாவிப் பள்ளத்தின் மூலையில் கடுகளவு ஒரு குமிழி தங்கிவிட்டது. பூச்சு ரெசின் அங்கே சரியாகப் படவில்லை. அடுத்த முறை அந்தப் பள்ளத்தைத் தனியாக நிரப்பி, இறுகவிட்டு, பிறகுதான் சக்கரத்தை மோல்டில் வைப்பேன். இன்னொன்று, இரண்டு அடுக்கும் சேரும் கோடு. நேராகப் பார்த்தால் தெரியாது. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால், சக்கரத்தின் அடிமுகம் இருக்கும் அதே மட்டத்தில் ஒரு மயிரிழை ஓடுவது தெரியும். அதைச் சக்கரத்தின் முகத்தோடு ஒத்துப்போக வைத்ததால்தான் இந்த அளவுக்காவது மறைந்தது. கட்டியின் நட்டநடுவில் வந்திருந்தால் எல்லார் கண்ணிலும் பட்டிருக்கும்.

ஓய்வுபெற்ற அந்த ஃபிட்டர் வந்து, கட்டியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குமிழியைக் காட்டினேன். "அது இருக்கட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டு, உடைந்த பல்லுக்கு நேராகக் கட்டைவிரலை வைத்து, அந்த வளையக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார். எட்டு மாதம் ஆகிறது. வெயில் நேராகப் படாத அலமாரியில் வைத்திருக்கிறார். போன வாரம் போய்ப் பார்த்தேன். நிறம் மாறவில்லை, பல் நுனிகளில் ஒரு விரிசலும் இல்லை.